டவ் பால் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? தோட்டப்புறத்தில் புதிதாக டிரெய்லர் இழுப்பவர்களுக்கு

ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ் பக்கம் இப்போது டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புகளை அடிக்கடி பார்க்க முடிகிறது. கல்யாணச் சமையலுக்கு அண்டா, அடுப்பு, கேஸ் தோங் (சிலிண்டர்) ஏற்றிப் போகிறவர்கள், கோயில் திருவிழாவுக்குக் கூடாரமும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவர்கள், பசார் மாலாம் இரவுச் சந்தையில் வியாபாரம் செய்ய உணவு டிரெய்லர் வாங்கியவர்கள், விடுமுறையானால் படகைக் கட்டிக்கொண்டு மெர்சிங் பக்கம் கிளம்புகிறவர்கள் என்று பல வகை. கேரவன் ஆசையும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. வாங்கும்போது எல்லாரும் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: எத்தனை கிலோ இழுக்கும், என்ன விலை. டிரெய்லரின் மூக்கு எந்த உயரத்தில் நிற்க வேண்டும், என் வண்டி அதை எந்த உயரத்தில் பிடிக்கிறது என்ற கேள்வியைக் கேட்பவர் குறைவு. ஓட்டும்போது ஆட்டம் கொடுப்பது பல நேரம் இந்தக் கேட்காத கேள்விதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தோன்றலாம். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் டிரெய்லரைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். வளையத்தைக் கொண்டுவந்து வைத்து, ஆணியைச் செருகி, கிளம்ப வேண்டியதுதான். அங்கே யாரும் அளவுநாடா எடுத்ததில்லை. ஆனால் அந்த வளையத்துக்கும் ஆணிக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி இருக்கிறது. மூக்கு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது தாங்கிக்கொள்ளும். டிராக்டர் போகும் வேகமும் செம்மண் சாலை வேகம். அதே பழக்கத்தோடு யோங் பெங் போகும் கூட்டரசுச் சாலையில் 80, 90 கிலோமீட்டரில், பக்கத்தில் லோரி உரசிப் போகும் இடத்தில் பிக்கப்பால் இழுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது.

பேச்சு குழம்பாமல் இருக்க நான்கு பெயர்களை முதலில் வைத்துக்கொள்வோம். பிக்கப்பின் சேசிஸில் போல்ட் போட்டுப் பொருத்திய சதுரக் குழாய், ரிசீவர். அதற்குள் நுழையும் இரும்புக் கை, பால் மவுண்ட். அந்தக் கையின் நுனித் தட்டில் நிற்கும் உருண்டை, டவ் பால். டிரெய்லரின் மூக்கில் உருண்டையைக் கவ்வும் கிண்ணம், கப்ளர். ரிசீவரின் உயரத்தை வண்டி தீர்மானிக்கிறது, கப்ளரின் உயரத்தை டிரெய்லர் தீர்மானிக்கிறது. நடுவில் நம் விருப்பத்துக்கு மாற்றக்கூடியது பால் மவுண்ட் ஒன்றுதான். அதனால் அதைக் கடைசியாக வாங்குங்கள். ரிசீவர் போடும்போதே கடைக்காரர் ஒரு மவுண்ட்டைச் சும்மா கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அளந்து பார்க்காமல் மாட்டிவிடாதீர்கள்.

உயரம் தப்பினால் என்ன ஆகும்

மூக்கு உயர்ந்து நிற்பதுதான் மோசமான பக்கம். டிரெய்லர் பின்னால் சாயும்போது சரக்கின் எடை பின்பக்கமாக நகர்கிறது, டவ் பால் மேல் அழுந்தும் பாரம் குறைகிறது. இதை மூக்குப் பாரம் என்று சொல்லலாம். தராசில் ஒரு தட்டு லேசானால் மறு தட்டு இறங்குவது போலத்தான் இது. மூக்குப் பாரம் குறைந்த டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். லோரி ஒன்று வேகமாகக் கடந்து போனால், அல்லது இறக்கத்தில் வேகம் கூடினால், அந்த ஆட்டம் பெரிதாகி வண்டியையே பிடித்து உலுக்கும்.

எவ்வளவு குறையும்? கப்ளரிலிருந்து அச்சு வரை 3 மீட்டர் இருக்கும் ஓர் ஒற்றை அச்சு டிரெய்லர், மொத்த எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூக்கு சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்தால் 3 பாகை சாய்வு வரும். எடையின் மையம் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் மேலே இருந்தால் மூக்குப் பாரம் ஏறக்குறைய 10 கிலோ குறையும். உயரமான உணவு டிரெய்லரில் மையம் 1 மீட்டர் மேலே இருந்தால் 17 கிலோ வரை போகும். மூக்குப் பாரம் 80 கிலோ என்றால் அதில் 17 போவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உயிரை எடுக்கும் விஷயமும் இல்லை. ஒற்றை அச்சு கொஞ்சம் மன்னிக்கும்.

இரட்டை அச்சு மன்னிக்காது. நான்கு சக்கரமும் சமமாகத் தரையில் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மூக்கு உயர்ந்தால் பின் அச்சு பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கும், முன் அச்சு சும்மா உருளும். தாழ்ந்தால் இது தலைகீழ். இரண்டு அச்சுக்கும் நடுவில் பாரத்தைப் பகிர்ந்துகொடுக்கும் ஆடுதண்டு இருக்கும் லீஃப் ஸ்பிரிங் அமைப்பு இதை ஓரளவு சமாளிக்கும். ஒவ்வொரு அச்சும் தனித்தனியாக நிற்கும் ரப்பர் முறுக்கு அச்சு வகைக்கு அந்த வசதி கிடையாது. அதிகப் பாரம் தாங்கும் டயர் சூடாகும், பேரிங் சூடாகும், நம் ஊர் மதிய வெயிலில் தார் ரோட்டில் அது வெடிக்க ரொம்ப நேரம் ஆகாது. மற்ற அச்சில் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். உங்கள் டிரெய்லர் இரட்டை அச்சு என்றால் இந்தக் கட்டுரையை இரண்டு தடவை படியுங்கள்.

மூக்கு தாழ்ந்து நின்றால்? பிக்கப்பின் பின்பக்கம் அதிகம் அழுந்தும், முன் சக்கரம் லேசாகும். மழையில் ஸ்டியரிங் பிடிப்பு குறைவதை உணர்வீர்கள். இரவில் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். கப்ளரின் அடிப்பகுதியும், கழற்றி நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் ஜாக்கிச் சக்கரமும் மேட்டில் உரசும். இருந்தாலும் ஓர் அங்குலம் வரை தாழ்ந்திருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். மட்டமாக நிற்க வேண்டும், முடியாவிட்டால் இம்மியளவு தாழலாம், உயரக் கூடாது.

இன்னொன்று. பிக்கப் பிரேக் போட்டதும் டிரெய்லர் முன்னால் தள்ளி, அந்தத் தள்ளலே டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் வகை உண்டு. அதில் கப்ளருக்குப் பின்னால் ஒரு தண்டு உள்ளே போய் வரும். சாய்வாக நின்றால் அந்தத் தண்டு கோணலாகத் தேயும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும் அல்லது விடாமல் உரசிக்கொண்டே வரும்.

முதல் வேலை: பாரம் ஏற்றுங்கள்

காலி வண்டியை அளக்காதீர்கள். பிக்கப்பின் பின் ஸ்பிரிங் காலியில் நிமிர்ந்து நிற்கும். நான்கு பேரும் சாமானும் ஏறினால் பல சென்டிமீட்டர் இறங்கும். வழக்கமாக எப்படிப் போவீர்களோ அப்படியே ஏற்றுங்கள். சமையல் குழு என்றால் அண்டா, அரிசி மூட்டை, கேஸ் தோங் எல்லாம் அதனதன் இடத்தில். படகு என்றால் எண்ணெய், ஐஸ் பெட்டி, என்ஜின். பிக்கப்பில் உட்காரப் போகிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு, கூப்பிட்டால் ஓடி வருவார்கள்.

டயர் காற்றையும் இப்போதே சரிபாருங்கள், இரண்டு வண்டியிலும். வீட்டுக்குப் பின்னால் மாதக்கணக்கில் நின்ற டிரெய்லரின் டயர் பாதிக் காற்றில் இருக்கும். அப்படியே அளந்தால் அளவு முழுவதும் பொய்.

கனமான சாமானை அச்சுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்பக்கமாக, தாழ வையுங்கள். பின்னால் கதவு ஓரத்தில் ஜெனரேட்டரை வைத்துவிட்டு டவ் பால் உயரத்தைச் சரி செய்து பயனில்லை.

மட்டமான இடம்

பெட்ரோல் நிலையத்துத் தரை மட்டமாகத் தெரியும், ஆனால் மழைநீர் வடிய சாய்வு வைத்துத்தான் சிமெண்ட் போட்டிருப்பார்கள். வீட்டு வாசலும் அப்படித்தான். வண்டி ஏற அனுமதி இருக்கும் பழைய சிமெண்ட் பூப்பந்துத் திடல், மண்டபத்தின் கார் நிறுத்துமிடம், ஆலை எடைமேடைக்குப் பக்கத்துத் தரை போன்றவை பரவாயில்லை. சந்தேகமாக இருந்தால் கொத்தனார்கள் செய்வது போல, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிக்கப்பும் டிரெய்லரும் நிற்கப்போகும் இடத்தின் இரு கோடியில் பிடித்துப் பாருங்கள். இரண்டு மீட்டர் ரசமட்டத்தைவிட பத்து மீட்டர் தண்ணீர் டியூப் நம்பகமானது, விலையும் குறைவு.

டிரெய்லரை மட்டம் பார்த்து அளப்பது

டிரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, சக்கரத்துக்கு இருபக்கமும் கட்டை வைத்து, ஜாக்கிச் சக்கரத்தைச் சுழற்றி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ரசமட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மேல் பலகையிலோ பெட்டியின் ஓரத்திலோ வைக்கக் கூடாது. அவை வளைந்திருக்கலாம், உணவு டிரெய்லரில் கூரையே சாய்வாக இருக்கும். அடிச்சட்டத்தின் நீள இரும்பில் வையுங்கள். அப்புறம் அளவுநாடாவால் அதே இரும்பின் முன்முனை தரையிலிருந்து எவ்வளவு, பின்முனை எவ்வளவு என்று அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டம்.

இப்போது கப்ளர் கிண்ணத்தின் உள்மேல்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். கைவிரலை உள்ளே விட்டுத் தடவினால் உருண்டையின் உச்சி தொடும் இடம் தெரியும். அந்த உயரத்தைக் கப்ளரின் வெளிப்பக்கத்தில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு அங்கிருந்து தரைக்கு அளந்தால் எளிது. எடுத்துக்காட்டுக்கு இது 435 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இதே நேரத்தில் மூக்குப் பாரத்தையும் பார்த்துவிடலாம். குளியலறை எடைக்கருவியைக் கப்ளருக்குக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளரை அதே 435 உயரத்தில் கட்டை மேல் இறக்குங்கள். எடைக்கருவி தாங்காத பாரமாக இருந்தால், ஒரு கனத்த பலகையின் ஒரு முனையை எடைக்கருவி மேலும் மறுமுனையைச் செங்கல் மேலும் வைத்து, செங்கலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கப்ளரை இறக்குங்கள். பலகையின் எடையைக் கழித்துவிட்டு, கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்குப் பாரம்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஐரோப்பாவில் டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. அங்கே பெரிய வண்டிகள், அதிக வேகம். நம் ஊர் பிக்கப்புக்கு 10 விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஆனால் ரிசீவரில் பொறித்திருக்கும் செங்குத்துப் பார வரம்பைத் தாண்டக் கூடாது. வண்டிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் இரண்டில் குறைந்ததுதான் செல்லும். இங்கே விற்ற வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் பிக்கப்புக்கு வேறொரு நாட்டில் வேறு இழுவை வரம்பு கொடுத்திருப்பார்கள். அங்கத்திய வீடியோவை நம்பிச் சரக்கு ஏற்றாதீர்கள்.

பிக்கப்பை அளப்பது

பாரம் ஏற்றிய பிக்கப்பில், ரிசீவர் சதுரக் குழாயின் உள்மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு என்று அளங்கள். 530 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஆனால் டிரெய்லரின் மூக்கு உட்கார்ந்ததும் அது இன்னும் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று கண்டுபிடிக்க, மூக்குப் பாரத்துக்குச் சமமான எடையுள்ள ஓர் ஆளை ரிசீவருக்குப் பக்கத்தில் பின்பம்பர் மேல் ஏறி நிற்கச் சொல்லுங்கள். 80 கிலோ ஆள் கிடைப்பது எந்தக் குடும்பத்திலும் கஷ்டமில்லை. வண்டியைக் கையால் நாலு அழுத்து அழுத்திவிட்டு, ஸ்பிரிங் அடங்கியதும் மறுபடி அளங்கள். இப்போது 512 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுதான் நமக்கு வேண்டிய எண்.

கணக்கு

வாங்கப்போகும் டவ் பாலைக் கையில் எடுத்து, தட்டில் உட்காரும் அடிவிளிம்பிலிருந்து உருண்டையின் உச்சிவரை அளங்கள். சுமார் 75 மில்லிமீட்டர் என்று கொள்வோம்.

கப்ளர் உள்மேல் 435. அதில் 75 கழித்தால் 360. மவுண்ட்டின் தட்டு இந்த உயரத்தில் நிற்க வேண்டும்.

ரிசீவர் 512. அதிலிருந்து 360 கழித்தால் 152 மில்லிமீட்டர். அதாவது 6 அங்குலம் கீழே இறங்கும் மவுண்ட் வேண்டும். கடைகளில் இறக்கத்தை அங்குலக் கணக்கில் 2, 4, 6 என்று விற்பார்கள். ரிசீவருக்குள் நுழையும் தண்டின் மேல்முகத்திலிருந்து தட்டின் மேல்முகம் வரைக்கும்தான் அந்த அளவு. கழித்தல் எண் வந்தால் உங்களுக்கு இறக்கம் வேண்டாம், ஏற்றம் வேண்டும். தாழ்ந்த காரில் உயரமான டிரெய்லரை இழுக்கும்போது அப்படி வரும். சில மவுண்ட்டுகளைத் திருப்பிப் போட்டு ஏற்றமாக்கலாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் செய்தவையும் உண்டு, திருப்புவதற்கு முன் அதில் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

உங்கள் கணக்கு நடுவில் வந்து 4 அங்குலமா 6 அங்குலமா என்ற நிலை ஏற்பட்டால், ஆழமானதை எடுங்கள். அல்லது துளை மாற்றி உயரம் மாற்றும் மவுண்ட்டை வாங்கிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு டிரெய்லர் வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை.

மேலே சொன்ன கணக்கில் உருண்டையின் நடுப்புள்ளி 410 மில்லிமீட்டரில் வருகிறது. ஐரோப்பிய விதிப்படி சாதாரணக் கார்களின் டவ் பால் நடுப்புள்ளி, கார் முழுப் பாரத்தோடு நிற்கும்போது 350 முதல் 420 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்தச் சந்தைக்குச் செய்த கேரவனோ டிரெய்லரோ அந்த உயரத்தை நினைத்துத்தான் அடிச்சட்டம் போட்டிருக்கும். கரடுமுரடான பாதைக்குச் செய்த உயர வண்டிகளுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. பழைய ஐரோப்பியக் கேரவனை நம் பிக்கப்பில் இறக்கம் இல்லாத நேர் மவுண்ட் போட்டுக் கட்டினால் மூக்கு வானத்தைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

உயர்த்திய பிக்கப் வைத்திருக்கும் தம்பிகளுக்கு

நம் பக்கம் பிக்கப்பை உயர்த்துவது ஒரு மோகம். செம்மண் சாலையில் அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் டிரெய்லர் இழுப்பதென்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 அங்குலம் தூக்கினால் ரிசீவர் 50 மில்லிமீட்டர் ஏறும். 265/65ஆர்17 டயரைக் கழற்றி 285/70ஆர்17 போட்டால் டயரின் விட்டம் 776-லிருந்து 831 மில்லிமீட்டராகிறது, அதில் பாதி, 27 மில்லிமீட்டர், வண்டியை உயர்த்தும். மொத்தம் 77. முன்பு 152 மில்லிமீட்டர் இறக்கம் போதுமாக இருந்த இடத்தில் இப்போது 229, அதாவது 9 அங்குலம் வேண்டும்.

அவ்வளவு ஆழமான மவுண்ட் கிடைக்கும். ஆனால் கை நீளும்போது நெம்புதலும் கூடுகிறது. பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் அது ரிசீவர் குழாயை முறுக்கப் பார்க்கும். அதனால் அதே தயாரிப்பாளரின் ஆழமான மவுண்ட்டுக்கு இழுவை வரம்பு குறைவாக இருப்பதுண்டு, பொறித்த எண்ணைப் படிக்காமல் வாங்கக் கூடாது. கனமான டிரெய்லர் இழுக்கப் போகிறவர் பிக்கப்பை உயர்த்தாமல் விடுவதே நல்லது. யாரும் கேட்கப் போவதில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

பட்டறையில் வெட்டி ஒட்டலாமா

இந்த யோசனை வராத ஆள் தோட்டப்புறத்தில் இல்லை. நம் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர்கள் திறமைசாலிகள். கேட் செய்வார்கள், தேர் அச்சுக்குப் பட்டை போடுவார்கள். ஆனால் பால் மவுண்ட்டை வெட்டி நீட்டி ஒட்டினால், அதில் பொறித்திருந்த வரம்புக்கு அர்த்தமில்லை. ஒட்டிய இடத்தைச் சுற்றி இரும்பின் குணம் மாறுகிறது. அந்த இடம் முதல் நாள் உடையாது; மாதக்கணக்கில் குலுங்கி, சின்ன விரிசல் விழுந்து, பிறகு உடையும். டவ் பாலின் கழுத்தை ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பட்டறைக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் டிரெய்லரின் அச்சைக் கவனிக்கச் சொல்லலாம். லீஃப் ஸ்பிரிங்குக்கு மேலே அச்சு இருக்கும் டிரெய்லரில், அச்சை ஸ்பிரிங்குக்குக் கீழே மாற்றினால் டிரெய்லர் முழுவதும் உயரும், மவுண்ட்டின் இறக்கம் குறையும். ஆனால் எடையின் மையமும் உயரும். தெரிந்தவர், அதாவது டிரெய்லர் செய்பவர், பார்த்துச் சொன்ன பிறகே அதில் கை வையுங்கள்.

டவ் பாலின் அளவு

உயரத்தைச் சரியாக அளந்துவிட்டுத் தப்பான உருண்டை போட்டால் எல்லாம் வீண். 50 மில்லிமீட்டர் உருண்டை ஐரோப்பிய, ஆஸ்திரேலிய வழக்கம். அமெரிக்க வழக்கத்தில் 1⅞ அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம் என்று மூன்று ஓடுகிறது. இணையத்தில் வாங்கினால் எந்த நாட்டுக்குச் செய்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் கப்ளரில் அது சரியாக உட்காராமல் போகலாம். 1⅞ என்பது 47.6, அதை 50 கப்ளரில் போட்டால் பூட்டியது போலத் தெரியும், ஒரு மேட்டில் கழன்று வந்துவிடும். உருண்டையின் உச்சியில் அளவும் வரம்பும் பொறித்திருக்கும், கப்ளரிலும் பொறித்திருக்கும். இரண்டிலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

நட்டை முறுக்குவதற்குச் சாதாரணத் திருகுசாவி போதாது. 1 அங்குலத் தண்டுள்ள டவ் பாலுக்கு 250 அடி-பவுண்டு, அதாவது 340 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டியிருக்கும். பெட்டியில் வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச் உள்ள கடையில் கொடுத்து இறுக்குவது நல்லது. உருண்டைக்கு லேசாகக் கிரீஸ் தடவலாம். ஆட்டத்தைக் குறைக்க உராய்வுக் கட்டை வைத்த கப்ளர், ஆல்கோ போன்றவர்கள் செய்வது, உங்களிடம் இருந்தால் கிரீஸ் கூடவே கூடாது.

மாட்டிப் பார்ப்பது

கப்ளரை டவ் பால் மேல் இறக்கி, பூட்டி, ஊசியைப் போடுங்கள். பிறகு ஜாக்கிச் சக்கரத்தைச் சுழற்றி டிரெய்லரின் மூக்கை மேலே தூக்கப் பாருங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும். கப்ளர் மட்டும் தனியாக எழுந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம். இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

ஜாக்கிச் சக்கரத்தை முழுவதும் ஏற்றிக் கட்டிவிட்டு, அடிச்சட்டத்தின் முன்முனை, பின்முனை அளவைத் திரும்பவும் எடுங்கள். கணக்கு காகிதத்தில் என்ன சொன்னாலும் கடைசித் தீர்ப்பு இந்த இரண்டு எண்ணில்தான். முன்முனை ஓர் அங்குலத்துக்குள் தாழ்ந்திருந்தால் சரி. அதற்கு மேல் தாழ்ந்திருந்தால் மவுண்ட்டை மாற்றுங்கள்; பிக்கப் அளவுக்கு மீறி அமுங்கியிருந்தால் முதலில் மூக்குப் பாரத்தை மறுபடி பாருங்கள். பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கி உயரத்தைச் சரிக்கட்டுவது பாரம் அதிகம் என்ற உண்மையை மறைக்கும் வேலை.

பாதுகாப்புச் சங்கிலியைக் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கழன்றால் மூக்கு அதில் விழும். வளைவில் இழுபடாத நீளம், தரையில் தேயாத நீளம். மாட்டும் இடம் ரிசீவரின் கண்ணி, பால் மவுண்ட் அல்ல. விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள்.

முதல் ஓட்டம்

நேராகக் கூட்டரசுச் சாலைக்குப் போகாதீர்கள். முதலில் தாமான் (குடியிருப்பு) சாலையில் வேகத்தடைகளைத் தாண்டிப் பாருங்கள். ஆழமான மவுண்ட்டில் டவ் பாலின் நட்டுதான் மிகத் தாழ்ந்த இடம். வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போதும், ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் அது முதலில் இடிக்கும். தோட்டத்துச் சாலையில் மழைக்குப் பிறகு லோரிச் சக்கரம் போட்ட பள்ளத்துக்கு நடுவில் நிற்கும் மண்முகடு இன்னும் மோசம். ஒருவர் வெளியே நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு ஆள் குறைவான நேரத்தில் 60 வரை ஏற்றி, கையை லேசாக ஸ்டியரிங்கில் வைத்து, டிரெய்லர் தானாக நேராக வருகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் 70, 80. ஆட்டம் தொடங்கினால் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், எதிர்த்திசையில் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வேகம் குறைந்தால் அடங்கும். அடங்கிய பிறகு ஓரமாக நிறுத்தி சரக்கு நகர்ந்ததா, காற்று குறைந்ததா, மூக்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருபது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் கையை நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பாரமோ ஒரு கதை சொல்கிறது.

டிரெய்லரைப் பொதுச் சாலையில் இழுப்பதற்கான பதிவு முதலியவற்றைச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் கீழ் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவனிக்கிறது. டிரெய்லர் வாங்குவதற்கு முன்பே பக்கத்துக் கிளையில் போய்க் கேளுங்கள். வாங்கிய பின் கேட்டால் விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

டிரெய்லர் இல்லாதபோது மவுண்ட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். கார் நிறுத்துமிடத்தில் யார் முழங்காலையாவது பதம் பார்க்கும், நம்பர் பிளேட்டையும் மறைக்கும். உங்கள் டிரெய்லரின் கப்ளர் உயரம், ரிசீவர் உயரம், மவுண்ட்டின் இறக்கம் மூன்றையும் அழியாத பேனாவால் மவுண்ட்டின் பக்கவாட்டில் எழுதிவையுங்கள். டயர் மாற்றினாலோ, ஸ்பிரிங் மாற்றினாலோ, தீபாவளிக்கு மச்சானின் டிரெய்லரை இரவல் வாங்கினாலோ அந்த எண்கள் செல்லாது, திரும்ப அளக்க வேண்டும்.